எட்டு நம்பர் கம்பூட்ஸ்

எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு ஜோடி கம்பூட்ஸ் இருந்தன. கறுப்பு ரப்பர், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் உயரம், இரண்டுமே எட்டு நம்பர். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் தங்கை புருஷனுடையது. அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நடுவில் மழுப்பிவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். நானும் என் மனைவியும் ஒரு சந்தில், தங்கையும் அவள் புருஷனும் அடுத்த சந்தில். தொண்ணூறுகளின் கடைசி. வைட்ஃபீல்ட் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு வளாகத்தில் எனக்குத் தோட்ட வேலை. தோட்ட வேலை என்றதும் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன் என்று நினைக்க வேண்டாம். முளைப்பதைச் சாகடிப்பதுதான் என் வேலை. நடைபாதைக் கல் இடுக்கில் கோரை, வேலியோரம் பார்த்தீனியம், புல்தரைக்குள் பேர் தெரியாத கண்ட கண்ட களை, எல்லாவற்றுக்கும் மருந்தடிக்க என்னோடு சேர்த்து நாலு பேர். அதில் நான் மேஸ்திரி.

தங்கை புருஷன் அப்போது அத்திபெலேயில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். "அண்ணா, தெனம் வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேல பாத்துக் குடுண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று தங்கை என் உயிரை எடுத்தாள். மானேஜரிடம் நாலு நாள் கெஞ்சி அவனைச் சேர்த்துவிட்டேன். நான்தான் சேர்த்துவிட்டேன்.

ஆள் நல்ல உடம்பு. வாய் ஓயாது. என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். எங்கள் இருவருக்கும் கால் ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் கிடப்பதில் எது என் செருப்பு, எது அவன் செருப்பு என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மறுநாள் பஸ்ஸில் அவன் காலில் என் செருப்பு இருக்கும். "ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒரு காலு போட்டுக்குங்களேன்" என்று தங்கை கேலி செய்வாள்.

வேலை விடியற்காலையில் ஆரம்பிக்கும். எட்டரை மணிக்கு ஆபீஸ் வண்டிகள் வரிசையாக உள்ளே நுழைய ஆரம்பித்துவிடும். அதற்குள் அடித்து முடித்து, வாடையும் அடங்கியிருக்க வேண்டும். மருந்தடித்த புல்தரையில் ஒரு சின்னப் பலகை நடுவோம். அதில் ஒரு பாதம் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கும். இரண்டு மணி நேரம் யாரும் இங்கே மிதிக்கக் கூடாது என்று அர்த்தம். அந்தப் பலகையை நட்டுவிட்டு, நாங்கள் அதே ஈரப் புல்லில் ரப்பர் செருப்போடு நடந்து அடுத்த பக்கம் போவோம். இதில் எங்கள் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. பாதம் படம் போட்டது ஆபீஸ்காரர்களுக்கு, அவ்வளவுதான்.

முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு மருந்தடிப்பவன் பின்னோக்கி நடக்க வேண்டும். அப்போதுதான் நனைந்த இடம் அவனை விட்டு விலகிப் போகும். முன்னால் நடந்தால் தான் தெளித்ததைத் தானே மிதித்துப் போவான். இது எனக்குத் தெரியும். மருந்துக் கம்பெனி ஆள் ஒருமுறை வந்து நடந்தே காட்டினார். ஆனால் பின்னால் நடந்தால் கல் தடுக்கும், வரிசை கோணும், நேரம் ஆகும். எட்டரைக்குள் முடிக்காவிட்டால் மானேஜர் கத்துவது என்னிடம். "முன்னாடி பாத்து நடங்கப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா போறீங்க?" என்று நான் இவர்களிடம் கத்துவேன். முடிக்கும்போது நாலு பேருக்கும் முழங்கால் வரை பேன்ட் ஈரம். பம்பின் மூடி சரியாக மூடாமல் முதுகிலும் வழிந்திருக்கும். அந்த உடுப்போடுதான் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம்.

இதைவிட மோசம் நாசில். தெளிக்கும் குழாயின் நுனியில் இருக்கும் பித்தளைக் குமிழ் அது. ஊசிமுனை அளவுக்குத்தான் துளை. தூசி அடைத்துக்கொண்டால் கழற்றி, வாயில் வைத்துப் பலமாக ஊதினால் போய்விடும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அந்த வாடை ஆகாது, வாய்ப்பக்கம் கொண்டுபோனாலே குமட்டும். ஒருநாள் வேலியோரம் நான் ஓங்கரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவன் ஓடிவந்து என் கையிலிருந்து பிடுங்கினான்.

"நல்லா இருக்கியே மேஸ்திரி! நீ வாந்தி எடுத்துதான் களை சாவணுமா? குடு இப்பிடி."

ஒரே ஊது. துப்பினான். சட்டைக் கையில் உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து என் நாசிலையும் அவனே ஊதினான். நான் குழாயை நீட்டினாலே போதும், கேட்காமல் வாங்கிக்கொள்வான். மூன்று வருஷம் எனக்கும் சேர்த்து அவன் ஊதினான்.

அவன் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல்தடவையாக மானேஜர் எங்களுக்குப் பாதுகாப்புச் சாமான் கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ், ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. மேலிடத்திலிருந்து யாரோ ஆய்வுக்கு வரப்போவதாகப் பேச்சு. பம்புகளைக் கழுவி, மாலை போட்டு, வரிசையாக வைத்திருந்தோம். மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாட்ச்மேன் உற்சாகத்தில் புது கம்பூட்ஸுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை, ஸ்வீட் பாக்கெட், அதோடு அந்தச் சாமான் பை. தீபாவளிக்குத் துணி கொடுப்பதுபோலத்தான் அவர் கொடுத்தார். நாங்களும் அப்படியே வாங்கிக்கொண்டோம். புதுசை யாராவது வேலைக்குப் போட்டுக்கொண்டு போய் அழுக்காக்குவார்களா? எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

அவன் அன்றைக்கு வரவில்லை. தங்கைக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாலு கையெழுத்து வேண்டும் என்று மானேஜர் ரிஜிஸ்டரை நீட்டினார். மூன்று விழுந்தது. நாலாவது கட்டம் காலி.

"நீனே சைன் ஹாக்கு மேஸ்த்ரி, ஏனூ ஆகல்ல" என்றார். நீயே போடு, ஒன்றும் ஆகாது.

போட்டேன். அவன் தன் பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து மேலே சுழிப்பான். அதையும் விடாமல் போட்டேன். "பர்ஃபெக்ட்" என்று மானேஜர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தேதிக் கட்டத்தை அவர் காலியாக விட்டுவைத்தார், பிறகு எழுதிக்கொள்வதாக.

அவன் பையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் கொடுக்கலாம் என்றுதான். மனைவி இரண்டு ஜோடியையும் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சத எப்பிடி கால்ல மாட்டறது?" என்று பிளாஸ்டிக் கவரோடு பரணில் ஏற்றிவிட்டாள். அடுத்த நாள் குழந்தை பிறந்த அமளி. அடுத்த வாரம் மறந்துபோனேன். அதற்கடுத்த வாரம் ஞாபகம் வந்தது, ஆனால் கொடுக்கவில்லை. ஏன் என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவன் ஒருத்தன் பூட்ஸும் மாஸ்க்கும் போட்டு வந்தால் மற்றவர்களும் போடுவார்கள். மாஸ்க் போட்டால் மூச்சு வாங்கும், கண்ணாடி வேர்க்கும், வேலை எட்டரைக்கு முடியாது. நான் மேஸ்திரியாகத்தான் யோசித்தேன், மச்சானாக யோசிக்கவில்லை. அன்றைக்கு வராததால் தனக்கு இல்லை போலிருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை. அந்தப் பை அப்படியே பரணில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பூஜைக்கும் சாமான் கொடுக்கவில்லை, ஸ்வீட் மட்டும்தான்.

மூன்று வருஷம் கழித்து அவன் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினான். பிறகு காய்ச்சல், விட்டு விட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியவில்லை, எனக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறவன் என்னை இடம் கேட்டான். தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது.

"இன்னா மாப்ளே இது?"

"உன் தங்கச்சி அடிக்கிறா மச்சான். வெளில சொல்லாத, மானம் போயிரும்."

"நான் அடிச்சா செவுளுலதான் விடுவேன், தொடைல எதுக்கு அடிக்கப்போறேன்?" என்று உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்தோம். பக்கத்து கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பாட்டில் குடித்தான். மூன்றாவது பாட்டில் பாதியில் மயங்கி விழுந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாளில் சொல்லிவிட்டார்கள், ரத்தப் புற்றுநோய். டாக்டரம்மாவுக்குக் கன்னடம்தான் பேச்சு, ஆனால் தமிழ் நன்றாகவே வந்தது. என்ன வேலை என்று கேட்டார். மருந்தடிக்கிற வேலை என்றதும் எந்த மருந்து என்றார். எங்களுக்குப் பேர் தெரியாது. மறுநாள் காலிக் கேன் ஒன்றிலிருந்து லேபிளைக் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டுமுறை படித்துப் பார்த்தார்.

"இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இதத் தொடாதவங்களுக்கும் இந்த நோய் வருது. ஆனா இந்த மாதிரி மருந்துங்கள வருஷக்கணக்கா அடிக்கிறவங்களுக்கு ரத்தத்துல புற்றுநோய் வர வாய்ப்பு கூடுதலா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. இல்லவே இல்லன்னும் என்னால சொல்ல முடியாது. எப்படி அடிப்பீங்க? கையில உறை போடுவீங்களா?"

நான் சொல்லிக்கொண்டே போனேன். செருப்பு, ஈரப் பேன்ட், முதுகில் வழிவது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். நாசில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இவன்தான் படுக்கையிலிருந்து பெருமையாகச் சொன்னான்.

"நான் ஊதிருவேன் மேடம். மச்சானுக்கு வாடை ஆவாது, அவருதையும் நானே ஊதிருவேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "வாயிலயா?"

"ஆமா மேடம், வேற எதுல ஊதறது?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கொடுத்தேன். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் பல் விளக்கிவிட்டு எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தேன், சட்டையைத் தூக்கி உடம்பெல்லாம் நீலம் தேடினேன். மூன்றாம் நாள் எனக்கு ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. அந்தத் தாளை அவனிடம் காட்டினேன். "அப்பாடா" என்றான். மனசார சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வைத்தியம் நீண்ட வைத்தியம். ஆஸ்பத்திரியில் கிடைப்பது கிடைக்கும், மீதி மருந்தெல்லாம் வெளியே வாங்க வேண்டும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லி தங்கை வளாகத்து மானேஜரிடம் போனாள். அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவள் அசரவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு லேபர் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டாள். மருந்தடிக்கிற ஆளுக்குப் பாதுகாப்புச் சாமான் எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான் புகாரே. அது எடுபட்டால் கம்பெனி செலவை ஏற்றாக வேண்டும். எடுபடாவிட்டால் வைத்தியம் பாதியில் நிற்கும்.

விசாரணைக்கு முதல்நாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, முதல்தடவையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வந்தது. ரிஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நாலாவது கட்டத்தில் அந்தக் கையெழுத்து, வாலும் சுழியுமாக. காலியாக இருந்த தேதிக் கட்டத்தில், பூஜைக்கு முந்தின வாரத்துத் தேதி ஒன்றை எழுதியிருந்தார். அன்று அவன் வேலைக்கு வந்திருந்தான்.

அவன் வாங்கினதைப் பார்த்தேன் என்று நாளைக்குச் சொன்னால் போதும் என்றார். கான்ட்ராக்டிலிருந்து எடுத்து என்னைக் கம்பெனியில் நிரந்தரமாகப் போட்டுவிடுவதாகச் சொன்னார். "கள்ள சைன் போட்டா ஜெயில் தெரியுமா மேஸ்த்ரி? உனக்கும் பொண்டாட்டி இருக்கா இல்ல?" என்று தமிழிலேயே சொன்னார், சிரித்துக்கொண்டே.

அந்த டீயை நான் குடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் லேபர் ஆபீசில் பெஞ்சில் நான் ஒரு முனை, தங்கை மறு முனை. அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் கேட்டார், இந்த ஆள் சாமான் வாங்கினது உண்மையா என்று. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. அண்ணன் இல்லையென்று சொல்லிவிடுவான் என்ற நிச்சயத்தில் முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டாள், கிளம்பத் தயாராவதுபோல.

"வாங்கினான் சார். பார்த்தேன்" என்றேன்.

அதிகாரி ரிஜிஸ்டரின் நகல் ஒன்றைத் தங்கை கையில் கொடுத்து, இது உன் புருஷன் கையெழுத்துதானா என்று கேட்டுவரச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி விசாரணை. வெளியே வந்து அவள் நேரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

நகலை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டி, கண் மட்டும்தான் அந்தப் பழைய ஆள்.

"என்துதான். வாலு கூட அப்பிடியே இருக்குது" என்றான்.

"பூட்ஸு பூஜைக்குத்தானே குடுத்தாங்க? அன்னிக்கு நீ என்கூட ஆஸ்பத்திரில இருந்தியே" என்றாள் தங்கை.

"தேதி முந்துன வாரம் போட்டிருக்குதே. வேலக்கிப் போயிருந்தேன் போல. கொழந்த பொறக்கற டென்ஷன்ல வாங்கி எங்கியாவது வெச்சுட்டு மறந்துட்டிருப்பேன்." அவள் கையைப் பிடித்தான். "என் தப்புதான்டி. குடுத்தத போட்டுக்காம நானே தேடிக்கிட்டேன். உன்னியும் கொழந்தயயும் இப்பிடி நடுத்தெருவுல... என்ன மன்னிச்சுடு."

அடப்பாவி! மூன்று வருஷம் எனக்கும் சேர்த்து ஊதினவன், நான் போட்ட கையெழுத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். பூ விற்கிற அம்மா ஒருத்தி என்ன ஆச்சு சாமி என்று கேட்டாள்.

எட்டு நாள் அப்படியே ஓடியது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போவேன், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று போவேன். அவன் என்னைப் பார்த்ததும் சிரிப்பான், சொல்லாமலே திரும்பிவிடுவேன். அடுத்த சுற்று ஊசி ஆரம்பிக்க வேண்டும், மருந்து எப்போது வாங்குவீர்கள் என்று நர்ஸ் தங்கையிடம் இரண்டுமுறை கேட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் பரணில் ஏறி அந்தப் பையை இறக்கினேன். மனைவி ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

அவன் கட்டிலின்மேல் பையை வைத்தேன். தங்கை அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தாள்.

"மாப்ளே, இது உன்து. பூஜ அன்னிக்கு நான்தான் உன் கையெழுத்தப் போட்டு வாங்கினேன். உனக்குக் குடுக்கல. அங்க போயி நீ வாங்கினதா பொய் சொன்னேன். நீ ஒரு தப்பும் பண்ணல."

தங்கை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

அவன் கவருக்கு மேலேயே பூட்ஸைத் தடவிப் பார்த்தான். அந்தக் குங்குமம் காய்ந்து கறுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னா சைசு மச்சான்?"

"எட்டு."

"அட, போ. என்து ஒம்போதாச்சே. நீ குடுத்திருந்தாலும் எனக்குப் பத்தியிருக்காது. போட்டிருக்கவே மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "இதுக்குப் போயி மூஞ்ச இப்பிடி வெச்சிருக்கியே. அங்க போயி ஒண்ணியும் ஒளறாத. உன் வேலயும் போச்சின்னா ரெண்டு வீடும் இன்னா பண்ணும்?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவனுக்குச் செருப்பு வாங்குவது எப்போதும் அவள்தான். கடையில் அளவு சொல்லி வாங்கி வருபவள் அவள்தான். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதத்தின்மேல் அதை இழுத்து மூடிவிட்டாள்.

மறுநாள் பையோடு லேபர் ஆபீசுக்குப் போனேன். மானேஜர் என் கையில் பையைப் பார்த்ததும் முகம் மாறினார். அதிகாரி கூப்பிடும் முன்பே போய் மேஜைமேல் பூட்ஸை எடுத்து வைத்தேன். ரப்பர் வாடை அந்த அறை முழுக்க அடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"போன தடவ சொன்னது பொய் சார். அவன் வாங்கல. கையெழுத்து நான் போட்டது. இவரு போடச் சொன்னாரு, நான் போட்டேன். பூட்ஸ் என் வீட்டுப் பரண்லதான் இருந்துச்சு. அவன் இதக் கண்ணால பாத்ததில்ல."

மானேஜர் விடவில்லை. ஜெயில் பயம் இப்போது அவருக்கு. சட்டென்று பேச்சை மாற்றினார். இல்லை சார், அந்த ஆளேதான் கையெழுத்துப் போட்டு வாங்கினான், அளவு சேரவில்லை என்று மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டான், சொந்தக்காரன் ஆயிற்றே, காப்பாற்றப் பார்க்கிறான் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதிகாரி பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எட்டு. அவர் கால் அளவு என்ன?"

ஒன்பது என்று அவனே சொல்லியிருந்தான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான், அது அவனையே கவிழ்க்கும் என்று தெரியாமல். ஒன்பது என்றால் மானேஜர் சொல்வது நிஜமாகிவிடும். எட்டு என்றால், அவன் போட்டுக்கொள்ளக்கூடிய பூட்ஸை மூன்று வருஷம் பரணில் வைத்திருந்தவன் நான்.

"எட்டு சார். என் அளவுதான் அவனுக்கும்."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அவன் கையெழுத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். பெஞ்சிலிருந்து தங்கை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் புருஷன் பெயரை எழுதினேன். கடைசி எழுத்தின் வால்கூடப் பிசகாமல் மேலே சுழித்துக்கொண்டு போனது. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தங்கை திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயில் எல்லாம் இல்லை. என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தவறு கம்பெனியுடையது அல்ல, மனிதாபிமானத்துக்காகத்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனி வைத்தியத்தை ஏற்றது. ஊசி மறுபடி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவன் ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தான். நடுவில் கொஞ்ச நாள் தேறி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து முனைவரை நடந்துகூட வந்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டான். தங்கை அண்ணா என்று கூப்பிடவில்லை. நான் உள்ளே வந்தால் அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போவாள். காபி வரும், குழந்தை கையில் கொடுத்தனுப்பியிருப்பாள்.

இன்றைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. அந்த மருந்துதான் அவனைக் கொன்றதா என்று எந்த டாக்டரும் எனக்கு உறுதியாகச் சொன்னதில்லை. பூட்ஸும் மாஸ்க்கும் போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்றும் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைப் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்துக்கு அவனை நான் வரவே விடவில்லை.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அவன் துணிமணியை யார் யாருக்கோ கொடுத்து முடித்திருந்தார்கள். நான் கடைசியாக வாசலுக்கு வந்து, குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். வெறுங்காலோடு போய்விடலாம் என்று திரும்பியபோது தங்கை உள்ளேயிருந்து வந்தாள். கையில் அவன் செருப்பு. குனிந்து என் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கோ. எட்டு நம்பர்தான்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. போட்டுக்கொண்டேன். சரியாக இருந்தது.